இரு மக்களிடையே ஓர் ஆளுநர்: போர்க்கால ஃபிஜியில் சர் பிலிப் மிட்செல்

இரண்டாம் உலகப் போரின் தீ பசிபிக் தீவுகளைச் சூழ்ந்திருந்த 1942 ஜூலையில், ஃபிஜியின் ஆளுநராகப் பொறுப்பேற்றார் சர் பிலிப் மிட்செல். மேற்குப் பசிபிக் பகுதிக்கான பிரிட்டிஷ் உயர் ஆணையர் பதவியும் அவரிடமே இருந்தது. அப்பதவியின் ஆளுகைக்கு உட்பட்ட சாலமன் தீவுகளின் தலைநகர் துலாகி, அதற்கு முன்பே ஜப்பானியர் வசமாகியிருந்தது.

1890-ல் பிறந்த மிட்செல், ஆக்ஸ்போர்டில் பயின்று, 1912-ல் இன்றைய மலாவியான நியாசாலாந்தில் பணியைத் தொடங்கினார். 1935 முதல் 1940 வரை உகாண்டாவின் ஆளுநராக இருந்தார். ஆப்பிரிக்காவை நன்கறிந்த அவருக்கு ஃபிஜி முற்றிலும் புதிய களம்.

அங்கே போருக்கு இரண்டு தேவைப்பட்டன: படைவீரர்கள், சர்க்கரை. ராது சுகுனாவின் அழைப்பை ஏற்றுப் பூர்வகுடி ஃபிஜியர்கள் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தனர். சாலமன் தீவுகளில் போரிட்டனர். சர்க்கரையோ இந்திய விவசாயிகளின் உழைப்பில் விளைந்தது. 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட 60,000-க்கும் மேற்பட்டோரின் வழிவந்தவர்கள் அவர்கள். ஐரோப்பிய வீரர்களுக்கு இணையான ஊதியம் மறுக்கப்பட்டதால், இந்தியர்களில் பெரும்பாலானோர் படையில் சேரவில்லை.

1943-ல் விலைவாசி ஏறியபோது, கரும்புக்குக் கூடுதல் விலை கோரினர் விவசாயிகள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சர்க்கரை நிறுவனம் மறுத்தது; கரும்பு வெட்டப்படாமல் நின்றது. குஜராத்திலிருந்து வந்த வழக்கறிஞர் ஏ.டி. படேலும், தென்னிந்தியர்களிடையே பணியாற்றிய ராமகிருஷ்ண மிஷன் துறவி சுவாமி ருத்ரானந்தாவும் போராட்டத்தை வழிநடத்தினர். விவசாயிகளின் குறையை வணிகத் தகராறாகப் பாராமல், போர் முயற்சிக்கு எதிரான செயலாகவே மிட்செல் அரசு கருதியது. தலைவர்கள் இருவரின் நடமாட்டத்துக்கும் தடை விதிக்கப்பட்டது. பெருமளவு கரும்பு வீணான நிலையில், 1944 ஜனவரியில் போராட்டம் முடிவுக்கு வந்தது.

அதே ஆண்டில் பூர்வகுடியினருக்கெனத் தனி நிர்வாக அமைப்பை உருவாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. நிலமும் பாரம்பரியமும் காக்கப்பட்டன என ஃபிஜியர்கள் நிம்மதியடைந்தனர். இந்தியர்களுக்கோ, தாங்கள் என்றும் அயலாராகவே நடத்தப்படுவோம் என்ற ஐயம் வலுத்தது. 1946 கணக்கெடுப்பில் இந்தியர்களின் எண்ணிக்கை பூர்வகுடியினரை விஞ்சியபோது இரு தரப்பிலும் அச்சம் பெருகியது. சுதந்திர ஃபிஜியின் அரசியலிலும் அந்த அச்சம் தொடர்ந்தது.

1944 இறுதியில் கென்யாவின் ஆளுநரான மிட்செல், 1952 ஜூனில் பணியிலிருந்து விலகினார். நான்கு மாதங்களில், மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க அங்கு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. நிலமிழந்த கிகூயு மக்களின் கொதிப்பை உரிய நேரத்தில் உணரத் தவறினார் என்ற விமர்சனம் அவரைத் தொடர்ந்தது. 1964-ல் அவர் காலமானார்.

போரை வெல்ல உதவிய திறமையான நிர்வாகி என்ற பெயர் மிட்செலுக்கு உண்டு. ஆனால், வயலில் நின்று குறை சொன்னவனின் குரலைக் கலகமாகக் கேட்ட செவியும் அவருடையதே.