நீலக் கரைசலுக்குப் பின்னால் ஒரு மனிதர்

அறிவியல் பிரிவில் படித்த எவருக்கும் பெனடிக்ட் என்ற பெயர் புதிதல்ல. இடைநிலைப்பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீலக் கரைசலைச் சூடாக்கி, அது செங்கல் சிவப்பாக மாறியதும் சர்க்கரை உண்டு என்று குறிப்பேட்டில் எழுதியவர்கள்தாமே நாம்! மானிடவியல் பயிலும் நண்பர்களுக்கும் ஒரு பெனடிக்டைத் தெரியும். அவர் ரூத் பெனடிக்ட். இவ்விருவரும் கணவன் மனைவி என்பதை அண்மையில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஸ்டான்லி ரோசிட்டர் பெனடிக்ட் 1884-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிறந்தார். தந்தை பேராசிரியர். அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே பட்டம் பெற்று, 1908-இல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். அவர் பெயரை நிலைக்க வைத்த கரைசலும் அந்த ஆண்டுகளில்தான் பிறந்தது. அப்போது அவருக்கு வயது 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஏறக்குறைய நம் வயது!

அவருக்கு முன்பு நீரிழிவை எப்படிக் கண்டறிந்தார்கள்? 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் நோயாளியின் சிறுநீர் இனிப்பதைச் சுவைத்தே பதிவு செய்தார். 1776-இல் மேத்யூ டாப்சன் சிறுநீரை வற்றவைத்து, எஞ்சுவது சர்க்கரை என்று காட்டினார். 1840-களின் இறுதியில் ஜெர்மானியர் ஃபெலிங் செம்புக் கரைசலைக் கொண்டுவந்தார். ஆனால் அதை இரண்டு புட்டிகளில் தனித்தனியே வைத்திருந்து, சோதிக்கும்போதுதான் கலக்க வேண்டும். அதிலுள்ள கடுமையான காரம் சர்க்கரையின் ஒரு பகுதியை அழித்துவிடும். குறைந்த அளவு சர்க்கரை இருந்தால் தப்பிவிடும்.

பெனடிக்ட் அந்தக் காரத்தை நீக்கிவிட்டு, மென்மையான சோடியம் கார்பனேட்டையும் சோடியம் சிட்ரேட்டையும் செம்பு சல்பேட்டோடு சேர்த்தார். ஒரே புட்டி, நெடுநாள் கெடாது. 5 மில்லிலிட்டர் கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால் போதும். பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல், செங்கல் சிவப்பு என்றால் மிக அதிகம். 1922-இல் இன்சுலின் சிகிச்சை தொடங்கியபோது, நோயாளி வீட்டிலேயே சோதித்துக்கொள்ள இந்த எளிமை பெரிதும் உதவியது. தோட்ட மருந்தகத்தில் டிரசர் சோதனைக் குழாயைச் சூடுகாட்ட, நிறம் மாறுமா என்று பயந்து நின்ற கதையை என் பாட்டி இன்றும் சொல்வார்.

நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரான பெனடிக்ட் அதோடு நின்றுவிடவில்லை. இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டினால்தான் சிறுநீரில் அது தெரியும். அதுவரை நோய் மறைந்தே இருக்கும். எனவே சிறிதளவு இரத்தத்திலேயே சர்க்கரையை அளக்கும் முறையை 1915-இல் லூயிஸ் என்பவரோடு இணைந்து வெளியிட்டார். அமெரிக்காவின் முன்னணி உயிர்வேதியியல் ஆய்விதழின் ஆசிரியராகவும் இறுதிவரை உழைத்தார்.

1914-இல் அவர் ரூத் ஃபுல்டனை மணந்தார். கணவர் ஆய்வில் மூழ்கியிருக்க, தமக்கென ஒரு பணி இல்லாமல் ரூத் தவித்தார். குழந்தைகளும் இல்லை. பிறகு அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் போவாசிடம் பயின்று 1923-இல் முனைவர் பட்டம் பெற்றார். இருவரும் மெல்ல விலகி, 1930-ஐ ஒட்டிப் பிரிந்தனர். 1934-இல் வெளிவந்த ரூத்தின் பண்பாட்டு ஆய்வு நூல் பெனடிக்ட் என்ற பெயரை வேறொரு துறையிலும் நிலைநாட்டியது. ஸ்டான்லி 1936 டிசம்பரில், 52 வயதில் காலமானார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரறிவு இருந்தும் ஒன்றுக்கொன்று இடம் கொடுக்க முடியாமல் போனதே என்ற வருத்தம் மட்டும் எனக்கு உண்டு. படித்த துணையைத் தேடும் நம் தலைமுறை எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

இன்று நீலக் கரைசல் வேண்டாம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். ஆனாலும் மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. இந்தியர்களிடையே இந்நோய் அதிகம் என்பது நாம் அறிந்ததே. சோதனை எளிதாக வேண்டும் என்று ஓர் இளைஞர் பாடுபட்டார். அந்தச் சோதனைக்கு நம் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துச் செல்வதாவது நம்மால் முடியாதா?