உங்கள் போனுக்குள் ஒரு ‘கவர்னர்’: யார் இந்த ஜேம்ஸ் வாட்?

கவர்னர் என்றதும் மாநில ஆளுநர்தான் நினைவுக்கு வருவார். ஆனால், ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் ஒரு கவர்னர் உட்கார்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு அடித்தளம் லினக்ஸ் கர்னல். பிராசசர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று அந்தக் கர்னலுக்குள் முடிவு செய்யும் பகுதியின் பெயர்தான் கவர்னர். மெசேஜ் படிக்கும்போது வேகத்தைக் குறைக்கும். கேம் திறந்தால் ஏற்றும். சார்ஜ் சாயங்காலம் வரை தாங்குமா என்பதில் இதற்கும் பங்கு உண்டு.

இந்தப் பெயர் கம்ப்யூட்டர் உலகத்தில் பிறந்தது இல்லை. 18-ம் நூற்றாண்டின் நீராவி இயந்திரத்திலிருந்து வந்தது. அந்த இயந்திரத்தில் கவர்னரைப் பொருத்தியவர் ஜேம்ஸ் வாட். ஆமாம், பல்பின் மேல் அச்சடித்திருக்கும் அதே வாட்!

கடை போட விடாத ஊர்

ஸ்காட்லாந்தில் கிரீனாக் என்ற துறைமுக ஊரில் 1736 ஜனவரி 19 அன்று பிறந்தார் வாட். அப்பாவுக்குக் கப்பல் கட்டும் தொழில், கூடவே வியாபாரம். சின்ன வயதில் வாட்டுக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும், தலைவலி பாடாய்ப்படுத்தும். அதனால், ஆரம்பப் படிப்பு பெரும்பாலும் வீட்டில்தான்.

அளவுக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க 1755-ல் லண்டன் போனார். வழக்கமாக ஏழு வருடம் பிடிக்கும் பயிற்சியை ஒரே வருடத்தில் முடித்துக்கொண்டு கிளாஸ்கோ வந்தார். ஆனால், முழுப் பயிற்சிக் காலத்தை முடிக்காதவர் கடை போடக்கூடாது என்று அந்த ஊர்க் கைவினைஞர் சங்கம் தடுத்துவிட்டது. கிளாஸ்கோ பல்கலைக்கழகம்தான் கைகொடுத்தது. தன் வளாகத்துக்குள்ளேயே பட்டறை வைக்க இடம் தந்தது.

வீணாய்ப் போன நீராவி

அந்தப் பட்டறைக்கு 1763-ல் ஒரு ரிப்பேர் வேலை வந்தது. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் நியூகோமன் நீராவி இயந்திரத்தின் சிறிய மாதிரி அது. அதில் சிலிண்டருக்குள் நீராவியை நிரப்பி, உடனே குளிர்ந்த நீரைத் தெளித்துக் குளிர வைப்பார்கள். அடுத்த சுற்றுக்கு அதே சிலிண்டரை மறுபடி சூடாக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தார் வாட். நீராவியில் சுமார் முக்கால் பங்கு, சிலிண்டரைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவதிலேயே தீர்ந்துகொண்டிருந்தது!

1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது வழி தோன்றியது. நீராவியைக் குளிர வைக்கத் தனியாக ஒரு கலன் இருந்தால் போதும். சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கலாம். அவ்வளவுதான்.

யோசனை ஒரு நொடியில் வந்தது. இயந்திரமாக மாற பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1769-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனால், பணம் போட்ட ஜான் ரோபக் திவாலானார். குடும்பம் நடத்த வாட் கால்வாய் சர்வே வேலைக்குப் போனார். 1773-ல் அந்த வேலையாக மலைப்பகுதியில் இருந்தபோது, பிரசவத்தில் மனைவி மார்கரெட் இறந்துபோனார்.

மறுவருடம் பர்மிங்காமுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தொழிலதிபர் மேத்யூ போல்ட்டன் கூட்டாளியானார். 1776-ல் முதல் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. இவர்கள் பணம் வாங்கிய விதம் புதுசு. பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு நிலக்கரி மிச்சமாகிறதோ, அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டார்கள். நிலக்கரியைக் கப்பலில் வரவழைக்க வேண்டியிருந்த கார்ன்வால் சுரங்கங்களுக்கு இது பெரிய லாபம். ஆனாலும், வருடா வருடம் பணம் கட்டுவது அவர்களுக்குக் கசந்தது.

இரண்டு குண்டு, ஒரு வால்வு

1780-களில் வாட்டின் இயந்திரம் ஆலைச் சக்கரங்களையும் சுழற்றத் தொடங்கியது. அங்கேதான் புதுச் சிக்கல். பாரம் குறைந்தால் இயந்திரம் தறிகெட்டு ஓடும்; கூடினால் திணறும். ஒரு ஆள் வால்வு பக்கத்திலேயே நின்று திருகிக்கொண்டிருக்க முடியுமா?

1788-ல் லண்டன் மாவு மில் ஒன்றில் போல்ட்டன் ஒரு சாதனத்தைப் பார்த்துவிட்டு வாட்டிடம் சொன்னார். அதை வாட் நீராவி இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றினார். சுழலும் தண்டில் இரண்டு குண்டுகள் தொங்கும். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து, நீராவி வால்வை மூடும். வேகம் குறைந்தால் கீழே இறங்கி வால்வைத் திறக்கும். இயந்திரமே தன் வேகத்தைப் பார்த்து, தன்னைத் திருத்திக்கொண்டது. மில்களில் ஏற்கெனவே இருந்த உத்தி என்பதால், இதற்கு வாட் காப்புரிமை கேட்கவில்லை.

கர்னலில் என்ன நடக்கிறது?

இங்கே குண்டுக்குப் பதில் கணக்கு. பிராசசர் எவ்வளவு நேரம் வேலையில் இருக்கிறது என்று கர்னல் பார்க்கிறது. அதற்கேற்ப வேகத்தை மாற்றுகிறது. வேகம் குறைந்தால் வோல்ட்டேஜையும் குறைக்கலாம். வோல்ட்டேஜ் பாதியானால், அந்த அளவில் செலவாகும் மின்சாரம் கால் பங்காகும். மிச்சமே அங்கேதான்.

லினக்ஸில் பல கவர்னர்கள் உண்டு. ‘பெர்ஃபார்மன்ஸ்’ எப்போதும் உச்ச வேகம். ‘பவர்சேவ்’ எப்போதும் குறைந்த வேகம். 2004-ல் வந்த ‘ஆன்டிமாண்ட்’ தேவை கூடியதும் சட்டென்று ஏற்றிவிடும். 2016-ல் வந்த ‘ஷெட்யூட்டில்’, எந்த வேலைக்கு எப்போது முறை என்று முடிவு செய்யும் ஷெட்யூலரிடமிருந்தே கணக்கை வாங்கிக்கொள்ளும்.

வாட்டின் கவர்னரில் ஒரு குறை இருந்தது. சில சமயம் வேகம் நிலைக்கு வராமல் ஏறி இறங்கி ஊசலாடும். அதற்கான கணிதத்தை 1868-ல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் எழுதினார். வேகம் அடிக்கடி தாவக்கூடாது என்பது கர்னல் கவர்னருக்கும் உள்ள கவலைதான்.

வாட்டின் மறுபக்கம்

எரிபொருளை மிச்சப்படுத்திய வாட், புதுமைக்கு முட்டுக்கட்டையாகவும் இருந்தார். நாடாளுமன்றம் அவர் காப்புரிமையை 1800 வரை நீட்டித்திருந்தது. போட்டியாளர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார். உயர் அழுத்த நீராவி ஆபத்து என்று எதிர்த்தார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. பாய்லர்கள் வெடிக்கத்தான் செய்தன. ஆனால், காப்புரிமை முடிந்ததும் ரிச்சர்ட் டிரெவிதிக் அதே உயர் அழுத்தத்தை வைத்து ரயில் இன்ஜினுக்கு வழி திறந்தார்.

ஓய்வுக் காலத்தில், பர்மிங்காம் அருகே வீட்டு மாடிப் பட்டறையில் சிலைகளை நகலெடுக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தார் வாட். 1819 ஆகஸ்ட் 25 அன்று, 83 வயதில் காலமானார்.

1882-ல் வில்லியம் சீமென்ஸ், திறனை அளக்கும் அலகுக்கு வாட் பெயரை முன்மொழிந்தார். எவ்வளவு செலவாகிறது என்று சொல்லும் அலகுக்கு, மிச்சப்படுத்திய நிலக்கரியில் சம்பாதித்தவரின் பெயர். போனில் அந்த மிச்சத்தை இன்றும் ஒரு கவர்னர்தான் பார்த்துக்கொள்கிறது.