கொல்லன் உலையில் கலை கண்டவர்: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

ஓவியமும் சிற்பமுமே நுண்கலைகள்; கத்தியும் பூட்டும் பாயும் பானையும் வெறும் பிழைப்புத் தொழில்கள் என்று கற்றோர் பலரும் கருதிய காலம் ஒன்று இருந்தது. அக்கருத்தை மறுத்து, உலைக்களத்துக் கொல்லனையும் கலைஞர் அவையில் அமர்த்திய பெருமை கலாயோகி ஆனந்த குமாரசுவாமிக்கு உரியது.

இவர் 1877 ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்துக் குமாரசுவாமி, அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலத்தில் தந்த ஈழத் தமிழறிஞர். தாய் எலிசபெத், ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்த குழந்தை இங்கிலாந்திலேயே வளர்ந்தது. இலண்டனில் நிலவியல் பயின்ற இளைஞர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வின் தலைவராகப் பணியாற்றினார்.

கனிமங்களைத் தேடி ஊர் ஊராகச் சென்றபோதுதான் அவர் வாழ்வு திசை மாறிற்று. மண் உலையும் துருத்தியும் கொண்டு இரும்பும் எஃகும் ஆக்கிய கிராமத்தாரின் முறையை ஆராய்ந்து எழுதினார். கண்டி மன்னர்கள் அளித்த மானிய நிலத்தில் வாழ்ந்த கைவினைஞர் குடிகள், 1815இல் அவ்வரசு வீழ்ந்தபின் புரவலரின்றித் தவித்தனர். ஆலைச் சரக்கு அவர்களின் எஞ்சிய பிழைப்பையும் பறித்தது. அவர்களுடைய வேலைத்திறனை அறிந்து பதிவு செய்வதைக் குமாரசுவாமி தம் கடமையாக ஏற்றார். மனைவி எதெல் புகைப்படங்கள் எடுத்துத் துணைநின்றார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908இல் நிறைவுற்றது. வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கையச்சு எந்திரத்தில் 425 படிகளே அச்சாயின. கைவினையைப் போற்றும் நூல் கைவினையாகவே பிறந்தது பொருத்தமே. இந்தியக் கைவினைஞரைப் பற்றிய நூல் மறு ஆண்டே வெளிவந்தது.

பயனுக்காகச் செய்யப்படும் பொருள் செவ்வனே செய்யப்பட்டால் அதுவே கலை என்பது அவர் கொள்கை. வெள்ளி பதித்த கண்டிக் கத்தியின் பிடி, அதன் கூர்மைக்கு வெளியே ஒட்டிய அலங்காரமன்று. இரண்டும் ஒரே கையின் அறிவு. சிங்களக் கொல்லர் நுட்பமாக இழைத்த துப்பாக்கிகள் போர்த்துக்கீசியரையும் வியக்க வைத்தவை. குமாரசுவாமி பின்னர்க் குடியேறிய அமெரிக்காவிலும் அத்தகைய மரபு உண்டு. பென்சில்வேனியாக் கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் மேப்பிள் மரத்தைச் செதுக்கிப் பித்தளை பதித்துச் செய்த நீள்துப்பாக்கிகள் இன்று கலைப்பொருள்களாக அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. வேட்டைக்கருவி எவ்வாறு கலையாகும் என்று ஐயுறுவோர்க்கு அவர் கொள்கையே விடையாகும்.

எனினும் அவர் வாழ்வில் ஒரு மனக்குறை உண்டு. காசியில் தேசிய அருங்காட்சியகம் அமையுமாயின் தம் கலைத்தொகுப்பை அளிக்க முன்வந்தார். போதிய ஆதரவு கிட்டவில்லை. 1917இல் அத்தொகுப்பு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தை அடைந்தது. அவரும் உடன் சென்று இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளரானார். முப்பதாண்டுகள் அங்கேயே உழைத்தார். முதுமையில் இந்தியா திரும்ப விழைந்தார். நாடு விடுதலை பெற்ற இருபத்தைந்தாம் நாள், 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்க மண்ணிலேயே மறைந்தார்.

தண்டையார்பேட்டையின் கடைசல் பட்டறைகளிலும் காசிமேட்டின் படகுத் துறையிலும் உழைக்கும் கைகளை அவர் கண்டதில்லை. ஆயினும் அக்கைகளை எவ்வாறு காணவேண்டும் என்பதைக் கற்பித்துச் சென்றார். அசையும் சீரும் பிசகாது சொல்லை இழைக்கும் கவிஞர்க்கு அப்பட்டறைத் தொழிலாளி அயலானல்லன், உடன்பிறப்பே ஆவான்.