ஆடுற கப்பல்ல முதல்ல விமானத்தை இறக்கியவர்! கடற்படைக்கே தலைவரான தஹிலியானி கதை

அரக்கோணம்:

ஆம்பூர், வாணியம்பாடி பக்கமிருந்து சென்னைக்கு ரெயில் ஏறுகிறவர்கள் அரக்கோணம் தாண்டும்போது வானத்தில் கடற்படை விமானங்களை அடிக்கடி பார்த்திருப்பார்கள். அங்கே இருப்பது ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத்தளம்.

1992 மார்ச் 11-ந்தேதி அப்போதைய ஜனாதிபதி ஆர்.வெங்கட்ராமன் இந்த தளத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். இங்குள்ள ஓடுபாதையின் நீளம் மட்டும் சுமார் 4 கிலோமீட்டர். பெரிய பெரிய விமானம் கூட தாராளமாக இறங்கலாம்.

ஆனால் வெறும் 213 மீட்டர் நீளமுள்ள கப்பலில், அதுவும் கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஜெட் விமானத்தை இறக்கணும்னா எப்படி இருக்கும்? நம்ம எக்ஸ்பிரஸ் ரெயிலில் பத்து பெட்டியை கோர்த்தால் எவ்வளவு நீளமோ, அவ்வளவுதான் மொத்தக் கப்பலும்!

இந்தியக் கப்பலில் அந்த வேலையை முதன்முதலாக செய்து காட்டியவர்தான் அட்மிரல் ராதாகிருஷ்ண ஹரிராம் தஹிலியானி.

கரணம் தப்பினால் மரணம்

1930-ல் பிறந்தவர் தஹிலியானி. சிந்தி குடும்பம். கடற்படையில் அதிகாரியாக சேர்ந்தவர் விமானம் ஓட்டவும் பழகினார். புது விமானங்களை ஓட்டிப்பார்த்து குறை நிறை சொல்லும் சோதனை விமானியாகவும் பெயர் எடுத்தார்.

அந்த சமயத்தில் நம் நாட்டிடம் விமானம் தாங்கி கப்பலே கிடையாது. ஹெர்குலிஸ் என்ற பெயரில் பாதியில் நின்றிருந்த கப்பல் ஒன்றை இங்கிலாந்திடம் இருந்து 1957-ல் இந்தியா வாங்கியது. பெல்பாஸ்ட் நகரில் மீதி வேலையை முடித்து, 1961 மார்ச் 4-ந்தேதி ஐ.என்.எஸ். விக்ராந்த் என்று பெயர் சூட்டினார்கள்.

கப்பல் ரெடி. விமானமும் ரெடி. முதல்ல யார் இறக்குவது?

1961 மே 18-ந்தேதி இங்கிலாந்து கடல் பகுதியில் அந்த வேலை லெப்டினன்ட் தஹிலியானி கைக்கு வந்தது. அவர் ஓட்டியது சீ ஹாக் என்ற ஜெட் விமானம். இதில் ஒரே ஒரு ஆள்தான் உட்கார முடியும். தப்பு நடந்தால் பக்கத்தில் இருந்து கை கொடுக்க யாரும் கிடையாது.

கப்பலின் மேல்தளத்தில் குறுக்கே இரும்புக் கம்பி வடங்களை கட்டி வைத்திருப்பார்கள். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி தொங்கும். இறங்குகிற நொடியில் கொக்கி வடத்தில் மாட்டிக்கணும். மாட்டினால் சில நொடியில் விமானம் நின்றுவிடும்.

மாட்டவில்லை என்றால் அடுத்த நொடியே முழு வேகம் கொடுத்து மறுபடியும் மேலே ஏறணும். அது முடியாவிட்டால் கடல்தான்!

இதெல்லாம் வாய்ப்பேச்சு இல்லை. உலகத்திலேயே ஓடும் கப்பலில் முதலில் விமானத்தை இறக்கியவர் இங்கிலாந்து வீரர் டன்னிங். 1917 ஆகஸ்டு 2-ந்தேதி சாதனை செய்த அவர், ஐந்தே நாளில் மறுபடி முயன்றபோது விமானத்தோடு கடலில் விழுந்து உயிரை விட்டார்.

அப்படிப்பட்ட வேலையை தஹிலியானி பிசகாமல் முடித்தார். விக்ராந்தில் இறங்கிய முதல் ஜெட் விமானம் அவருடையதுதான்.

அந்த தைரியம் பத்து வருஷம் கழித்து பலன் கொடுத்தது. 1971 போரில் விக்ராந்தில் இருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் டிசம்பர் 4-ந்தேதி காக்ஸ் பஜார், சிட்டகாங் மீது குண்டு மழை பொழிந்தன. வங்கதேசம் பிறந்ததில் இந்தக் கப்பலுக்கும் பங்கு உண்டு.

நாகர்கோவில்காரரிடம் இருந்து பொறுப்பு

விமானியாக இறங்கிய அதே விக்ராந்துக்கு பின்னாளில் தஹிலியானியே கேப்டன் ஆனார். 1984 டிசம்பர் 1-ந்தேதி இந்திய கடற்படையின் தலைமை தளபதி நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தவர் நாகர்கோவிலை சேர்ந்த அட்மிரல் ஆஸ்கர் ஸ்டான்லி டாசன்.

கடற்படை விமானி ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

விக்ராந்துக்கு வயசாகிக்கொண்டு இருந்தது. ஒரே கப்பலை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? இங்கிலாந்தின் ஹெர்மிஸ் கப்பலை வாங்க 1986-ல் ஒப்பந்தம் போடப்பட்டது. 1987 மே 12-ந்தேதி அது ஐ.என்.எஸ். விராட் ஆக நம் கடற்படையில் சேர்ந்தது. 2017 வரை 30 வருஷம் உழைத்த கப்பல் அது.

தானே உயிரை பணயம் வைத்து இறங்கியவர் என்பதால், கப்பலில் இறங்கும் விமானிக்கு என்ன தேவை என்பதை யாரும் அவருக்கு சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 1987 நவம்பர் 30-ந்தேதி ஓய்வு பெற்றார்.

லஞ்சத்துக்கு எதிராக

1990 முதல் 1994 வரை சிக்கிம் மாநில கவர்னராக இருந்தார். அதோடு வீட்டில் போய் உட்காரவில்லை. லஞ்ச ஒழிப்புக்காக பாடுபடும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் இந்திய கிளைக்கு தலைவர் ஆனார்.

அவர் காலத்தில் அந்த அமைப்பு 2008-ல் வெளியிட்ட ஆய்வு பலரையும் திடுக்கிட வைத்தது. வறுமைக்கோட்டுக்கு கீழே உள்ள குடும்பங்கள் மட்டும் ஒரே வருஷத்தில் சுமார் 883 கோடி ரூபாய் லஞ்சமாக கொடுத்திருக்கின்றன என்று அதில் கணக்கு காட்டப்பட்டது.

ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, கரன்ட் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் என்று ஏழை ஜனம் தினமும் ஏறி இறங்கும் இடங்களில் கைமாறிய காசு அது. அதாவது கூலி வேலை செய்து சம்பாதித்த காசு.

ராணுவத்தில் பெரிய பதவி பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ஓய்வுக்குப் பிறகு ஏழை கொடுத்த பத்து ரூபாய்க்கும் கணக்கு கேட்டவர்கள் ரொம்ப குறைவு. தஹிலியானி அதில் ஒருவர்.

2015 அக்டோபர் மாதம் அவர் காலமானார். அவர் இறங்கிய பழைய விக்ராந்தை அதற்கு முந்தைய வருஷமே பழைய இரும்புக்காக உடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

2022 செப்டம்பர் 2-ந்தேதி கொச்சியில் புது விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. இது நம் நாட்டிலேயே கட்டிய கப்பல். அதிலும் விமானிகள் கொக்கியை வடத்தில் மாட்டித்தான் இறங்குகிறார்கள். இந்தியக் கப்பலில் அதற்கு பிள்ளையார் சுழி போட்டவர் தஹிலியானி என்பது குறிப்பிடத்தக்கது.