பாட்டுக்கு உடையவர் யார்?
எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதி, 1908 முதல் பத்தாண்டுகள் புதுவையில் வறுமையோடும் கவிதையோடும் வாழ்ந்தார். நூல் விற்பதை அவர் இழிவாகக் கருதியவரல்லர். 1920-இல் தம் படைப்புகளை நாற்பது தொகுதிகளாக அச்சிட அன்பர்களிடம் கடன் வேண்டினார். தீப்பெட்டிபோல் அவை எங்கும் விலைபோகும் என நம்பினார். அக்கனவு நனவாகுமுன் 1921-இல் மறைந்தார்.

பின்னர் நூலுரிமையும் இசைத்தட்டுரிமையும் கைமாறின. விடுதலையைப் பாடிய பாட்டைத் திரையில் ஒலிக்கச் செய்யவும் உரிமையாளரின் இசைவு வேண்டியதாயிற்று. எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ந்தெழுந்தனர். ஓமந்தூரார் அரசு 1949-இல் அவ்வுரிமைகளை நாட்டுடைமையாக்கியது. ஒலிப்பதிவுரிமை பெற்றிருந்த ஏவி. மெய்யப்பர் அதனை விலையின்றி வழங்கினார்.

நூலுக்கு விலை வைத்துக் கவிஞர் குடும்பம் வாழ்தல் முறையே. ஆனால், ஒரு மக்களின் நாவில் குடியேறிய பாட்டுக்குத் தனியொருவர் உடையவராதல் தகுமா? பாட்டெழுதும் நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது இது.