மண் காத்த முதுமை

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் வாழும் தொல்குடியினர் ஓஜிப்வே மக்கள். ஏரிநீரில் விளையும் காட்டரிசியும் மீனும் அவர்தம் உணவு. அம்மக்களின் பெருந்தலைவராக விளங்கியவர் கெச்செவைஷ்கே.

1850இல் அமெரிக்க அரசு அவர்களை மேற்கே குடிபெயர ஆணையிட்டது. முன்னர்ப் பெற்ற நிலத்திற்கு ஈடாக ஆண்டுதோறும் வழங்கும் பணத்தையும் பொருளையும் தொலைவிலுள்ள சாண்டி ஏரியில் பெறுமாறு பணித்தது. நம்பிச் சென்றோர் கடுங்குளிரில் காத்துக் கிடந்தனர். பசியாலும் நோயாலும் ஏறத்தாழ 400 பேர் மடிந்தனர்.

கெச்செவைஷ்கே போரை நாடவில்லை. 1852இல், 90 வயதைக் கடந்த நிலையில், பிர்ச் மரப்பட்டைப் படகில் புறப்பட்டார்; பல வாரங்கள் பயணம் செய்து வாஷிங்டனை அடைந்தார். குடியரசுத் தலைவர் ஃபில்மோரிடம் முறையிட்டார். ஆணை கைவிடப்பட்டது.

1854இல் ஏற்பட்ட லா பாயிண்ட் ஒப்பந்தத்தால் அம்மக்கள் பரந்த நிலத்தை இழந்தனர். எனினும், தாய்மண்ணில் நிலையான வாழிடங்களைப் பெற்றனர். மறு ஆண்டே அவர் மறைந்தார். அம்மண்ணில் அவர் வழியினர் இன்றும் வாழ்கின்றனர்.