பொபி ஜோன்ஸின் கை அறிந்த மட்டைகள்

கோல்ப் மட்டைகளைத் தமக்கேற்ப அளவெடுத்துச் செய்விக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பொபி ஜோன்ஸின் கதையைத்தான்.

1902இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்தவர். பொறியியல், ஆங்கில இலக்கியம், சட்டம் என மூன்றும் படித்த வழக்கறிஞர். பணத்துக்காகப் போட்டிகளில் ஆடியதில்லை. 1930இல் பிரித்தானிய, அமெரிக்க ஓப்பன், அமெச்சூர் பட்டங்கள் நான்கையும் வென்று, 28 வயதிலேயே ஒதுங்கிக்கொண்டார்.

அவர் ஆடிய காலத்து மட்டைகளின் தண்டு ஹிக்கரி மரம். ஒன்று வளைவதுபோல மற்றது வளையாது. அளக்க இயந்திரமும் இல்லை. ஜோன்ஸ் ஒவ்வொன்றாக வீசிப் பார்த்து, கைக்கு ஒத்துவந்ததையே சேர்த்தார். பின்னாளில் அவற்றைச் சோதித்தபோது ஒன்றைத் தவிர மற்றவை ஒத்திருந்தனவாம். அவருக்கு எப்போதும் தொல்லை கொடுத்ததும் அந்த ஒன்றுதான் என்பார்கள்.

ஆகவே பழைய மட்டைகளையும் கொண்டுபோங்கள். எது சொல்கேட்கிறது, எது கேட்பதில்லை என்று முன்னரே குறித்துவையுங்கள். விளையாடும்போது அணியும் சப்பாத்தையே போடுங்கள். அன்றைக்கென்று பலத்தைக் காட்டி வீசாதீர்கள், அளவு பிழைத்துவிடும். வேகத்தை இயந்திரம் சொல்லும். எந்த மட்டையைத் தொட உங்களுக்குப் பயம் என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

ஓய்வுக்குப் பின் ஜோன்ஸ் ஸ்போல்டிங் நிறுவனத்துக்காக உருக்குத் தண்டு மட்டைகளை வடிவமைத்தார். அவர் கையால் தேடிய ஒற்றுமை கடையிலேயே தொகுதியாகக் கிடைத்தது. 1948இல் முதுகுத்தண்டு நோய் அவரது ஆட்டத்தை நிறுத்தியது. கடைசி ஆண்டுகள் சக்கர நாற்காலியில் கழிந்தன. 1971 டிசம்பரில் காலமானார்.